சித்தாள் - 3

எண்ணூர்ப் பக்கத்து நம் பங்கு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, அக்காமாரே, பிள்ளைகளே,



நெடுஞ்சாலை முழுக்கப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. நம் பையன்கள் பசை வாளியோடு விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டார்கள். நீல எழுத்தில் "புதிய ஆலய அர்ச்சிப்பு விழா". நடுவில் பேராயர் ஆண்டகை, அவருக்குக் கீழே நம் பங்குச் சாமி, அதற்கும் கீழே தீப்பெட்டிப் படம் அளவில் கட்டடக் குழு. கடைசி வரிசையில் இடது ஓரமாக, கண்ணாடி பளபளத்துக் கண் தெரியாமல் போன முகம் என்னுடையது. என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீயா கோயில் கட்டுன?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

குழுவில் எனக்குக் கொடுத்த வேலை சைட் நோட்டு எழுதுவது. முப்பது வருஷம் லேத் ஓட்டியவன், மில்லிமீட்டர் பிசகாமல் கணக்கு வைப்பான் என்று நம்பிக் கொடுத்தீர்கள். சிமெண்ட் எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை இறுகிப் போனது, கம்பி எந்த அளவில் எத்தனை டன், எம் சாண்ட் எத்தனை லோடு, எல்லாம் நயா பைசா விடாமல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஆட்கள் விஷயத்தில்தான் நோட்டு சரியாக இல்லை. அது என் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை மாலை நேர்ந்தளிப்புச் சடங்கு. ஒத்திகைக்காகச் சாமி கொடுத்த புத்தகத்தைப் படித்தேன். ரோமாபுரி 1977இல் வெளியிட்ட சடங்குமுறையின் தமிழாக்கம். ஆயர் கோயில் வாசலுக்கு வந்ததும், கட்டடத்துக்காக உழைத்தவர்களின் சார்பில் சிலர் அதை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். எதைக் கொடுத்து ஒப்படைப்பது? நாலு வழி சொல்லியிருக்கிறது. கட்டடத்தின் பத்திரம் கொடுக்கலாம். சாவி கொடுக்கலாம். வரைபடம் கொடுக்கலாம். இல்லையென்றால், வேலை எப்படி நடந்தது என்றும், பொறுப்பில் இருந்தவர் யார், வேலை செய்தவர் யார் என்றும் பெயரோடு எழுதிவைத்த புத்தகத்தைக் கொடுக்கலாம்.

நம் குழு சாவியை எடுத்துக்கொண்டது. சௌகார்பேட்டையில் சொல்லி அரை அடி நீளத்தில் வெள்ளி முலாம் பூசிய சாவி ஒன்று செய்து வந்தாகிவிட்டது. அழகாகத்தான் இருக்கிறது. அது எந்தப் பூட்டையும் திறக்காது என்பது ஒன்றுதான் குறை. நிஜச் சாவி கோயில்பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது. போட்டோவுக்கு அந்தச் சாவி இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. அதோடு இந்த நோட்டையும் தட்டில் வையுங்கள் என்பதுதான் என் வேண்டுதல். வைப்பதற்கு முன்னால் நோட்டைச் சரிசெய்ய வேண்டும். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

கல்வெட்டைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பேசிவிட்டோம், கொஞ்சம் அதிகமாகவே. ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்தவர் பெயர் வாசல் கிரானைட்டில். 25,000 கொடுத்தவர் பெயர் பெஞ்சில். மற்றவர்கள் விழா மலரில். பணம் கொடுத்தவர் பெயரை எழுதுவதில் எனக்கு ஒன்றும் கசப்பில்லை. பழைய கோயிலில், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இறக்கைக்கு இறக்கை உபயதாரர் பெயர். கரண்ட் போனால்தான் அவர் யாரென்று தெரியும். அந்த வெக்கையிலும் நம் எல்லோருக்கும் அவர் ஞாபகம் வந்ததா இல்லையா? பெயருக்கு அந்தச் சக்தி உண்டு. அதனால்தான் கேட்கிறேன்.

நாம் பேசும் தமிழில் பங்கு என்றால் என்ன? சாமியைக் கேட்டால், மறைமாவட்டத்தின் ஒரு பிரிவு என்பார். காசிமேட்டில் ஏலம் முடிந்து கணக்குப் பிரிக்கிறவரைக் கேளுங்கள். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. போன ஒருவனையும் விட்டுவிட்டுப் பங்கு பிரிக்க முடியாது. விட்டால் மறுநாள் படகு கரையை விட்டு நகராது. தெற்கே கடற்கரை ஊர்களிலிருந்து வந்த நம் குடும்பங்களுக்குத் தெறிப்பு என்ற சொல் தெரியும். பிடிபட்ட மீனில் கோயிலுக்கென்று விடுவது. சாமி சொல்லும் அர்த்தமும் காசிமேட்டு அர்த்தமும் பங்கு என்ற ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பது நம் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறேன்.

அப்படிப் பங்கு போட்டு எழுந்த கோயில் இராயபுரத்தில் இருக்கிறது. அந்தக் கதை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஜூன் 29 திருநாளுக்குப் போகும் பிள்ளைகளுக்காக இன்னொரு தடவை சொல்கிறேன். பேதுருவுக்கு நம் தாத்தா பாட்டி சொன்ன பெயர் இராயப்பர். பவுல் சின்னப்பர், யோவான் அருளப்பர். இராயப்பரின் புரம்தான் இராயபுரம் ஆயிற்று என்பார்கள். அந்தக் கோயிலை 1820களில் எழுப்பியவர்கள் படகுக்காரர்கள். கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்து, பிறகு வடக்கே நகர்த்தப்பட்டவர்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் வெகுதூரத்தில் நங்கூரம் போடும். கவர்னரானாலும் கழுதையானாலும் இவர்கள் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். பின்னாளில் ஐஸ் ஹவுஸுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டிக்கும் வேறு வழி இருக்கவில்லை.

மசூலா படகு என்று வெள்ளைக்காரர் எழுதிவைத்த அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகையையும் பலகையையும் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்து இறுக்கிய படகு சென்னை அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். அப்படித் தினம் அலையில் நெளிந்து சம்பாதித்த கூலியிலிருந்து ஒரு பகுதியைப் பொதுவில் போட்டு வைத்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். இராயப்பர் கோயில் அந்த மகமைப் பணத்தில் எழுந்தது. 1856இல் இராயபுரம் ரயில் நிலையம் வந்தபோது கோயில் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது. அப்புறம் இரும்புப் பாலம் வந்தது. 1875இல் இங்கிலாந்து இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 நவம்பர்ப் புயல் அந்தக் கல் சுவர்களை உடைத்துப் போட்டது; திரும்பக் கட்டினார்கள். கப்பல் நேராகக் கரையை ஒட்டி வந்து நின்றபோது படகுக்காரர்களுக்கு வேலை போயிற்று. தொழில் போயிற்று, கோயில் நிற்கிறது.

அந்தப் படகுக்காரர்கள் யார் யார்? தண்டல் யார், துடுப்புப் போட்டவர் யார், எத்தனை அணா யார் போட்டது? மகமை என்ற ஒரு சொல்லில் அத்தனை பேரும் கரைந்துவிட்டார்கள். சொந்தக் காசில் சொந்தக் கோயில் கட்டிய சமூகத்துக்கு "நாங்கள் கட்டியது" என்று சொன்னால் போதும். நம் கதை அப்படி இல்லை. பணம் போட்டது நாம். செங்கல் வைத்தது வேறு ஆட்கள். நாம் "நாங்கள் கட்டியது" என்று சொல்லும்போது அவர்கள் எங்கேயும் வரமாட்டார்கள்.

நோட்டைத் திறக்கிறேன். மேல்தளம் போட்டதற்கு மறுநாள் பக்கம். "லாரித் தண்ணீர் - 2 லோடு. சித்தாள் - 3." அவ்வளவுதான்.

அந்த மூன்றில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஐம்பது வயது இருக்கும். நம் மண்ணில் போர்த் தண்ணீர் உப்பு. அதைக் கான்கிரீட்டில் ஊற்றினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். ஏற்கெனவே கடல் காற்று வேறு வெளியிலிருந்து தின்கிறது. அதனால் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கினோம். அந்தத் தண்ணீரைத் தளத்தில் நிறுத்த, வயலுக்குக் கட்டுவதுபோல மணலும் சிமெண்டும் குழைத்துப் பாத்தி கட்டினார் அந்த அக்கா. மத்தியானம் மூன்று மணி வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாத்தி வரப்புக்கு வெளியே தெரியும் கான்கிரீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சூடு தெரிந்தால் இன்னும் நாலு குடம். இன்ஜினியர் ஏழு நாள் போதும் என்றார். "இது கடலோரம் சார், இன்னும் கொஞ்ச நாள் ஊத்துனா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று சொல்லிவிட்டுப் பதினாலு நாள் ஊற்றினார். போன ஐப்பசி மழையில் கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று நாம் ஆச்சரியப்பட்டோமே, அதற்கு இன்ஜினியருக்குச் சால்வை போடப்போகிறோம். போடுங்கள். அந்தப் பதினாலு நாளும் என் நோட்டில் "சித்தாள் - 3", "சித்தாள் - 2", "சித்தாள் - 3".

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்கியது சாம்பல் கல், அனல் மின் நிலையச் சாம்பலில் செய்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் சாம்பல் படிந்து நம் ஆட்களுக்கு இறால் போனது ஒரு பக்கம். சாம்பலையே காசு கொடுத்து வாங்கிச் சுவர் கட்டிக்கொண்டது இன்னொரு பக்கம். இதை யோசித்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, விடுங்கள்.

இனிச் சொல்லப்போவதைச் சாமியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். 2023 டிசம்பர் 26. முந்தின நாள் கிறிஸ்துமஸ். மூன்று வாரம் முன்னால் மிக்ஜாம் புயல் வந்து, வெள்ளத்தோடு எண்ணெயும் கழிமுகத்தில் பரவி, படகும் வலையும் கறுத்துக் கிடந்த நேரம். காலையில் சுனாமியின் 19ஆம் ஆண்டு நினைவுக்குக் கரையில் கூடி, இறந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசித்தோம். நான்தான் வாசித்தேன். அன்று நள்ளிரவு நெருங்கும்போது அம்மோனியா வாடை வந்தது. கடலுக்கடியில் வரும் குழாயில் கசிவு என்று விடிந்தபிறகுதான் தெரிந்தது. கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது. பிள்ளைகளை வாரிக்கொண்டு, ஈரத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினோம். ஓடும்போது ஒவ்வொரு வாசலிலும் பெயர் சொல்லிக் கத்தினோம். கதவைத் தட்டுவதைவிடப் பெயர் சொன்னால்தானே தூங்குகிறவனுக்குக் கேட்கும்?

கோயில் சைட்டில், தகரக் கொட்டகையில், சென்ட்ரிங் பையன்கள் ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒடிசாப் பக்கத்துப் பிள்ளைகள். நான் அந்த வழியாகத்தான் போனேன். கேட்டுக்கு வெளியே ஒரு நொடி நின்றேன். கூப்பிட வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை. என் நோட்டில் "சென்ட்ரிங் - 6" என்றுதான் இருந்தது. "தம்பி, தம்பி" என்று இரண்டு தடவை கத்தினேன். பேத்தி இருமினாள். ஓடிவிட்டேன்.

அவர்கள் பிழைத்தார்கள். தாங்களாகவே எழுந்து, துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு நடந்திருக்கிறார்கள். விடியற்காலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே ஆறு பேரையும் பார்த்தேன். அதில் ஒருவன் என்னைப் பார்த்து, "தாத்தா, சாப்டீங்களா?" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். ஜனவரியில் சிலர் ஊருக்குப் போனார்கள், புது ஆட்கள் வந்தார்கள். அப்போதும் நான் "சென்ட்ரிங் - 6" என்றுதான் எழுதினேன். ஆள் மாறியது நோட்டுக்குத் தெரியாது.

குழுக் கூட்டத்தில் பெயர் எழுதும் விஷயத்தை எடுத்தபோது மூன்று ஆட்சேபம் வந்தது. வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லையே என்பது ஒன்று. ஆமாம், இல்லை. கம்பி கட்டியவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, நம் பீடத்துக்கு மேலே வரும் வளைவுக்குக் கம்பி வளைத்தார். கொத்தனார் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் சாரத்தில் ஏறினார். சாலமோன் கட்டிய கோயிலுக்கு வெண்கல வேலை செய்த ஈராம் யார்? தாய் இஸ்ரயேல் குலம், தகப்பன் தீர் நகரத்துக்காரன். அவன் பெயரைத் திருவிவிலியம் எழுதிவைத்திருக்கிறது. பாலைவனத்துக் கூடாரத்துக்கு வேலை செய்த பெட்சலேல் பெயரும் இருக்கிறது. திருவிவிலியத்திலும் நம் நோட்டு மாதிரி ஒரு பக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அரசர்கள் முதல் நூல் ஐந்தாம் அதிகாரம்: சுமை தூக்கியவர் 70,000, மலையில் கல் வெட்டியவர் 80,000. பெயர் இல்லை. அதை எழுதியவரும் என்னைப் போல ஒரு கணக்கர்தான் போலிருக்கிறது.

கூலி கொடுத்துவிட்டோமே, பெயர் எதற்கு என்பது இரண்டாவது. நம் திருவொற்றியூருக்குப் போய்ப் பாருங்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் ஆதிபுரீசுவரர் சன்னதியைக் கருங்கல்லில் கட்டினார்கள். கட்டியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகு நான் அந்தப் பெயரைச் சொல்கிறேன் என்றால், யாரோ ஒருவர் கல்லில் வெட்டி வைத்ததால்தான். அவருக்கும் கூலி கொடுத்திருப்பார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் தச்சர் பெயரோடு நாவிதர் பெயர்கூட இருக்கிறது. நம்மிடமிருந்து சில மெட்ரோ ஸ்டேஷன் தூரத்தில், திருவொற்றியூரிலேயே இருக்கும் வழக்கம் இது. வெளியூர்ச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

மூன்றாவது, நேரமில்லை என்பது. அது உண்மை. அதற்குப் பதில் சொல்லாமல் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

நேர்ந்தளிப்பு அன்று மாலை என்ன நடக்கப்போகிறது என்று ஒரு தடவை கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குள் விளக்கு எரியாது. பீடத்தில் துணி இருக்காது, பூ இருக்காது. வெறும் கல். பேராயர் தண்ணீர் தெளிப்பார். பிறகு புனிதர்கள் மன்றாட்டு மாலை. ஒரு பெயர்ப் பட்டியலைத்தான் நாம் பாடப்போகிறோம். இராயப்பர், சின்னப்பர், அந்திரேயா என்று பெயர் பெயராக. பீடத்துக்கு அடியில் ஒரு புனிதரின் திருப்பண்டம் வைத்து மூடுவார்கள். அவர் எந்த நாட்டு ஆள், என்ன பாஷை பேசினார் என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம், பெயர் தெரியும். அப்புறம் பேராயர் பீடத்தில் கிறிஸ்மா எண்ணெயை ஊற்றிக் கையால் தேய்ப்பார். சுவரில் பன்னிரண்டு இடத்தில் சிலுவை போட்டு எண்ணெய் பூசுவார். அந்தச் சாம்பல் கல் சுவரில், ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசிய அதே பூச்சில். பீடத்தில் சாம்பிராணி புகையும். கடைசியில்தான் மெழுகுதிரி, கடைசியில்தான் விளக்கு. எண்ணெய் விழும் அந்தக் கல்லையும் சுவரையும் தொட்ட கைகள் யாருடையவை என்று அந்த நேரத்தில் தட்டில் ஒரு நோட்டு சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

இதுவரை 61 பெயர் கிடைத்திருக்கிறது. அவற்றை இங்கே எழுதவில்லை. அவர்களைக் கேட்காமல் ஊருக்குப் படிக்கக் கொடுக்கும் மடலில் போடுவது முறையில்லை. மேஸ்திரி 22 பெயர் சொன்னார். டைல்ஸ் ஆள் தன் வாட்ஸ்அப்பில் பழைய குரூப்பைத் தோண்டி ஒன்பது பேரைக் கண்டுபிடித்தார். டீக்கடை அக்காவின் கடன் நோட்டு என் நோட்டைவிட ஒழுங்காக இருந்தது. அதில் ஒவ்வொருவர் பெயரும், எத்தனை பன், எத்தனை டீ என்பதும் உண்டு. கட்டடக் குழுவுக்கு அவரைத்தான் செயலாளராகப் போட்டிருக்க வேண்டும்.

மீஞ்சூர் அக்காவின் பெயர் தெரிந்துவிட்டது. போனில் கூப்பிட்டு விழாவுக்கு வரச் சொன்னேன். "சனிக்கிழமை சம்பள நாளாச்சே சார்" என்றார். அந்த ஒரு நாள் கூலியைக் குழு தரும் என்று குழுவைக் கேட்காமலேயே சொல்லிவிட்டேன். குழு மறுத்தால் நான் தருகிறேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் மாலை ஆறிலிருந்து எட்டு மணி வரை, பழைய மணிக்கம்பத்துப் பூவரச மரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். மூன்று வருஷத்தில் உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிய கொத்தனார், உங்கள் குழாயில் தண்ணீர் பிடித்த சித்தாள், உங்கள் பையனோடு கிரிக்கெட் ஆடிய பெயின்டர், யார் பெயர் ஞாபகம் இருந்தாலும் வந்து சொல்லுங்கள். செல்போனில் போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. தளம் போட்ட அன்று பிரியாணி போட்டோமே, அந்தப் படங்களில் பின்னால் நிற்கிறவர்களைப் பாருங்கள்.

கோபுரத்தில் சிலுவையைத் தூக்கி வைத்தவனை மட்டும் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. மஞ்சள் பனியன், இடது கையில் கறுப்புக் கயிறு. கயிறு கட்டிக்கொள்ளாமல் ஏறினான் என்று சாமி கீழேயிருந்து திட்டிக்கொண்டே இருந்தாரே, அந்தப் பையன். இப்போது ஒரகடத்தில் ஒரு சைட்டில் இருப்பதாகக் கான்ட்ராக்டர் சொல்கிறார். போன் சுவிட்ச் ஆஃப். வருகிற ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் நான் அங்கே போகிறேன். எனக்கு இந்தி தெரியாது. தெரிந்த பிள்ளைகள் யாராவது கூட வந்தால் நல்லது. பஸ் சார்ஜும் சாப்பாடும் என் செலவு.

அன்புடன்,
உங்கள் சைட் நோட்டுக்காரன்